பழைய சூழல் போராட்டங்களைக் குழுவாக உட்கார்ந்து படிப்பது எப்படி?

சூழல் போராட்டங்களின் வரலாற்றைச் சேர்ந்து படிக்கலாம் என்று நாலு பேர் முடிவு செய்தால் முதல் கூட்டத்திலேயே ஒருவர் ஒரு பட்டியலோடு வந்துவிடுவார். 1730இல் ராஜஸ்தானில் மரத்துக்காக உயிரை விட்டவர்கள், 1970இன் பூமி தினம், 1974இல் இமயமலையில் மரத்தைக் காத்து நின்ற பெண்கள் என்று இருபது முப்பது வரிகள் இருக்கும். எல்லோரும் பிரமாதம் என்பார்கள். இரண்டாவது கூட்டத்தில் பட்டியலை வாசித்து முடிப்பார்கள், மூன்றாவதுக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். எங்கள் குழு ஒருமுறை அப்படித்தான் கலைந்தது. கொஞ்ச நாள் கழித்து வேறு மாதிரி ஆரம்பித்தோம், அது ஓடியது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு படித்தவர் ஒருவராவது குழுவில் வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள், எங்களில் அப்படி யாரும் கிடையாது.

முதல் படி: ஆட்களும் நாட்களும்

ஐந்து முதல் எட்டுப் பேர் போதும். ஐந்துக்குக் குறைந்தால் பின்னால் சொல்லப்போகும் நாற்காலிகள் நிரம்பாது, எட்டைத் தாண்டினால் இரண்டு பேர் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஒரு போராட்டத்துக்கு ஆறு அமர்வுகள். வாரா வாரம் என்றால் படிக்க நேரம் இருக்காது, மாதம் ஒருமுறை என்றால் போன தடவை என்ன பேசினோம் என்பதே மறந்துவிடும். நேரில் உட்கார முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வீடியோ அழைப்பும் ஒரு பொதுக் கோப்பும் போதும்.

இரண்டாவது படி: கோடு கிழிப்பது

'ஆரம்பகாலம்' என்றால் எது வரைக்கும்? இதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் 1970இல் கோடு போட்டோம். அந்த வருஷம் ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதல் பூமி தினம் நடந்தது, 1972இல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. மாநாடு கூடியது, அதற்கப்புறம் 'சுற்றுச்சூழல்' என்ற பெயரிலேயே துறைகளும் சட்டங்களும் அமைப்புகளும் வரிசையாக வர ஆரம்பித்தன. அதற்கு முன்னால் போராடியவர்கள் அநேகமாக அந்தப் பெயர் இல்லாமலே போராடினார்கள். அதனால்தான் அவர்களைப் படிப்பது சுவாரசியமாகவும் இருக்கிறது, சிரமமாகவும் இருக்கிறது.

கோட்டைப் பென்சிலால் போடுங்கள். இமயமலைக் கிராமத்தினர் மரங்களைக் காத்து நின்ற சிப்கோ இயக்கம் 1973இல் தொடங்கியது, கோட்டுக்கு வெளியே. ஆனால் மண்டல் கிராமத்தில் முதல் சண்டை எப்படி வந்தது என்று பாருங்கள். விவசாயக் கருவிகள் செய்ய ஆஷ் மரங்கள் வேண்டும் என்று உள்ளூர்க் கூட்டுறவு கேட்டது, வனத்துறை மறுத்தது, அதே மரங்கள் விளையாட்டுச் சாமான் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போயின. சண்டை மரத்தை வெட்டலாமா கூடாதா என்று தொடங்கவில்லை, யார் வெட்டுவது என்று தொடங்கியது. தேதி எப்படி இருந்தாலும் இது பழைய ரகம்தான்.

அப்புறம், 'உலகின் முதல் சூழல் போராட்டம் எது' என்ற விவாதத்துக்குள் போகவே போகாதீர்கள். 1730இல் ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் நடந்ததற்கும் அந்தப் பட்டம் சூட்டுகிறார்கள், 1888இல் ஸ்பெயினின் ரியோ டின்டோ செப்புச் சுரங்கத்தில் நடந்ததற்கும் சூட்டுகிறார்கள். நாங்கள் ஒரு முழு அமர்வை இதில் தொலைத்தோம். இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனதைத் தவிர வேறு பலன் இல்லை.

மூன்றாவது படி: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

ஆறு அமர்வுக்கும் ஒரே ஒரு போராட்டம். தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு புகழ்பெற்றது என்று பார்க்காதீர்கள், இரண்டு தரப்பும் எழுதி வைத்த காகிதம் கிடைக்குமா என்று பாருங்கள்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது கலிபோர்னியாவின் நீர்ப்பீய்ச்சுச் சுரங்க வழக்கு. தங்கத்துக்காக மலைச்சரிவுகளின்மேல் ராட்சதக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி மலையையே கரைத்தார்கள். கரைந்த மண்ணும் கூழாங்கல்லும் யூபா ஆற்றில் இறங்கி ஆற்றுப்படுகையையே உயர்த்தின. கீழே மேரிஸ்வில் ஊரும் சுற்றியிருந்த வயல்களும் வெள்ளத்திலும் சேற்றிலும் மூழ்கின. விவசாயிகளும் சங்கம் அமைத்தார்கள், சுரங்கக்காரர்களும் சங்கம் அமைத்தார்கள். கடைசியில் 1884 ஜனவரி 7 அன்று நீதிபதி லொரன்சோ சாயர், கழிவை ஆற்றில் கொட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு நீளமானது, ஆங்கிலத்தில் கிடைக்கிறது, இரண்டு தரப்பு வாதமும் அதில் இருக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) இணையதளத்தில் பழைய செய்தித்தாள்கள் இலவசம் என்பது கூடுதல் வசதி.

கொஞ்சம் துணிச்சலான குழு என்றால் ரியோ டின்டோ அல்லது ஜப்பானின் ஆஷியோ செப்புச் சுரங்கம். இரண்டிலும் மொழி இடிக்கும். மொழிபெயர்ப்புக் கருவியை நம்பி இறங்கலாம், ஆனால் முக்கியமான பெயர்ச்சொற்களை மட்டும் தனியாகச் சரிபாருங்கள். ரியோ டின்டோவில் ஊர்மேல் இறங்கும் புகை மூட்டத்தை மக்கள் 'மாந்தா' என்றார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குப் போர்வை என்று அர்த்தம். எங்கள் கருவி எல்லா இடத்திலும் 'போர்வை' என்றே போட்டுத்தள்ள, ஒருவர் அரை மணி நேரம் இந்தத் தொழிலாளர்கள் ஏன் போர்வைக்கு எதிராக ஊர்வலம் போனார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

கலிபோர்னியாவின் ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கு (அணை கட்ட 1913இல் அனுமதி), மகாராஷ்டிராவின் முல்ஷி சத்தியாகிரகம் (1921இல் தொடங்கியது, டாட்டா அணைக்கு எதிராக, சேனாபதி பாபட் தலைமையில்) இரண்டும் நல்ல தேர்வுதான், அணைகளில் ஆர்வம் இருப்பவர்கள் அங்கே போகலாம். கேஜர்லியை முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்பேன், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான்காவது படி: நாற்காலிகள்

எங்கள் குழுவைக் காப்பாற்றியது இதுதான். எல்லோரும் ஒரே கட்டுரையைப் படித்துவிட்டு வந்து 'எனக்கும் அதேதான் தோன்றியது' என்று சொல்வதில் கற்றல் எதுவும் நடப்பதில்லை. அதற்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் இருப்பவர் அந்தத் தரப்பு சொன்னதை, எழுதியதை, கேட்டதை மட்டும் தேடிப் படித்துவிட்டு வரவேண்டும். நடிக்க வேண்டியதில்லை, வாதாட வேண்டியதில்லை, 'இவர்கள் இதைச் சொன்னார்கள், இந்தக் காகிதத்தில் இருக்கிறது' என்று முன்னால் வைத்தால் போதும்.

ரியோ டின்டோவை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் தெற்கில், உவெல்வா மாகாணத்தில் ஒரு செப்புச் சுரங்கம். 1873இல் அரசிடமிருந்து ஒரு பிரிட்டிஷ் கம்பெனி வாங்கியது. தாதுவை விறகின்மேல் மலை மலையாகக் குவித்துத் திறந்தவெளியில் மாதக்கணக்கில் எரித்தார்கள், கந்தகப் புகை சுற்று வட்டாரம் முழுக்கப் பரவியது. 1888 பிப்ரவரி 4 அன்று சுரங்கத் தொழிலாளர்களும் விவசாயிகளும் நில உடைமையாளர்களும் குடும்பத்தோடு ஊர்வலமாக வந்து சதுக்கத்தில் கூடினார்கள். ராணுவம் சுட்டது. அந்த ஊர்க்காரர்களுக்கு அந்த வருஷத்தின் பெயரே 'துப்பாக்கிச் சூட்டு ஆண்டு'.

இதற்கு ஐந்து நாற்காலிகள் போட்டோம்: கம்பெனி, அரசும் ராணுவமும், தொழிலாளர்கள், நிலம் வைத்திருந்தவர்கள், ஐந்தாவதாகப் பிற்காலத்தில் இந்தக் கதையைச் சொன்னவர்கள். ஐந்தாவது நாற்காலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நினைவுச்சின்னம் எழுப்பியவர்கள், ஆண்டுவிழா நடத்துபவர்கள், இதை 'சூழல் போராட்டம்' என்று முதன்முதலில் எழுதியவர்கள் எல்லாம் அங்கே உட்காருவார்கள். நமக்குக் கிடைக்கிற கதை பெரும்பாலும் அவர்கள் கையால் செய்தது.

கம்பெனி நாற்காலியில் உட்கார யாரும் முன்வர மாட்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். எங்களில் அந்த நாற்காலி கிடைத்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார், கடைசியில் குழுவிலேயே அதிகம் தோண்டியவர் அவர்தான், ஏனென்றால் கம்பெனிகள் எல்லாவற்றையும் எழுதி வைக்கின்றன. பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களும் 1803 முதல் இணையத்தில் இலவசமாக இருப்பதால், பிரிட்டிஷ் தொடர்புள்ள எந்தப் போராட்டத்துக்கும் அங்கேயும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

ஐந்தாவது படி: 'அவர்கள் அதை என்ன பெயரில் சொன்னார்கள்?'

இரண்டாவது, மூன்றாவது அமர்வுகள் முழுக்க இந்த ஒரு கேள்விக்கு. ஒவ்வொரு நாற்காலியும் தன் தரப்பு பயன்படுத்திய சொற்களைப் பட்டியல் போடட்டும். 'இயற்கை', 'சூழல்' மாதிரியான நம் காலத்துச் சொற்களை இந்த இரண்டு அமர்வுக்கும் தடை செய்துவிடுங்கள், வாய்தவறி யாராவது சொன்னால் எல்லோரும் மேசையைத் தட்டலாம். விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

ரியோ டின்டோத் தொழிலாளர்களின் கோரிக்கைகளில் புகை இருந்தது. கூடவே, புகை அதிகமாகி வேலை செய்ய முடியாத நாட்களில் கம்பெனி பாதிக் கூலிதான் கொடுத்தது, அதை மாற்ற வேண்டும் என்பது இருந்தது. வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் இருந்தது. நிலக்காரர்களுக்கோ பயிர்தான் பிரச்சினை. ஆக நுரையீரலும் கூலியும் பயிரும் ஒரே ஊர்வலத்தில் நடந்தன. இதில் எந்தப் பகுதி 'சூழல்' என்று கத்தரித்து எடுப்பீர்கள்? எங்களால் முடியவில்லை. கத்தரிக்க முடியாது என்பதே அன்றைக்கு நாங்கள் கற்றது.

இன்னும் முரடான உதாரணம் வேண்டுமென்றால் பிரான்ஸின் அரியேஜ் பகுதிக்குப் போங்கள். 1827இல் புதிய வனச்சட்டம் வந்தது. காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடு போட்டார்கள். 1829 முதல் அந்த மலைக்கிராம ஆண்கள் நீண்ட வெள்ளைச் சட்டையை வெளியே தொங்கவிட்டுப் பெண் வேடத்தில், முகத்தில் கரி பூசிக்கொண்டு வனக்காவலர்களை விரட்டினார்கள். 'இளமங்கையர் போர்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. இங்கே காட்டின் பக்கம் நின்றது யார்? சட்டமா, ஆடு மேய்த்தவனா? 1921இல் குமாவுன் மலைகளில் கிராமத்தினர் அரசு ஒதுக்கிய காடுகளுக்குத் தீயே வைத்தார்கள், பெரும்பாலும் வணிகத்துக்காக அரசு வளர்த்த பைன் காடுகளுக்கு. காட்டைக் கொளுத்தியவர்களைச் சூழல் போராட்ட வரலாற்றில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்டுப் பாருங்கள், அன்று கூட்டம் ஒன்றரை மணி நேரத்தில் முடியாது.

ஆறாவது படி: வரைபடம்

இது சின்ன வேலைதான், ஆனால் தவறவிடாதீர்கள். ஒரு பெரிய தாளில் ஆற்றையோ காற்றின் திசையையோ கையால் வரையுங்கள். யார் மேலே, யார் கீழே என்று குறியுங்கள். ஆஷியோவை வரையும்போதுதான் எங்களுக்கு அது புரிந்தது. மேலே மலையில் செப்புச் சுரங்கம். 1877இல் ஃபுருகாவா இச்சிபே வாங்கிய பிறகு உற்பத்தி எகிறியது. மரத்தை எரிபொருளுக்கும் சுரங்கத்துக்கும் வெட்டினார்கள், மிச்சத்தைக் கந்தகப் புகை கொன்றது. மலை மொட்டையானதால் மழை நேராக வாதாராசே ஆற்றில் இறங்கியது, வெள்ளம் செம்பு கலந்த சேற்றைக் கீழே உள்ள நெல்வயல்களில் பரப்பியது. அதாவது காடு, புகை, ஆறு, வயல் எல்லாம் ஒரே கோட்டில். எழுத்தில் நாலு பிரச்சினையாகத் தெரிவது தாளில் ஒன்றாகத் தெரியும்.

தேதிகளையும் அதே தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். தனாகா ஷோசோ என்ற நாடாளுமன்ற உறுப்பினர் 1891இல் இதை அவையில் கேட்டார். 1900 பிப்ரவரியில் டோக்கியோ நோக்கி நடந்த விவசாயிகளைக் கவமாதாவில் போலீஸ் அடித்துக் கலைத்தது. 1901இல் தனாகா பதவியை விட்டுவிட்டு, டிசம்பர் 10 அன்று பேரரசரின் வண்டியை நோக்கி மனுவோடு ஓடினார். பிடித்தார்கள், அப்புறம் பைத்தியம் என்பது போல விட்டுவிட்டார்கள். அதன் பிறகு அரசு என்ன செய்தது தெரியுமா? வெள்ளத்தைத் தேக்கும் நீர்த்தேக்கம் வேண்டும் என்று சொல்லி, எதிர்ப்பின் மையமாக இருந்த யனாகா கிராமத்தையே எடுத்துக்கொண்டது, 1907இல் கடைசியாக மிஞ்சிய வீடுகளை இடித்தது. நச்சுப் பிரச்சினை என்ற பெயர் போய் வெள்ளப் பிரச்சினை என்ற பெயர் வந்துவிட்டது. ஐந்தாவது படியின் கேள்வியை அரசுத் தரப்பிடமும் கேட்க வேண்டும் என்பது எங்களுக்கு இங்கேதான் உறைத்தது.

ஏழாவது படி: எண்களோடு மல்லுக்கட்டுவது

ரியோ டின்டோவில் எத்தனை பேர் செத்தார்கள்? அரசுக் கணக்கு 13. பிற்கால மதிப்பீடுகள் 100, 200 என்று போகின்றன. குழு உடனே பெரிய எண்ணின் பக்கம் சாயும், இயல்புதான். நிறுத்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், குறைத்தோ கூட்டியோ சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்ததா? பொதுக் கோப்பில் ஒரு எண்ணை மட்டும் எழுதாதீர்கள், '13 (அரசு), 100க்கு மேல் (பிற்கால மதிப்பீடு)' என்று இரண்டையும் எழுதுங்கள். எரிச்சலாக இருக்கும், பழகிவிடும்.

கேஜர்லிக்கு வருகிறேன். 1730இல் ஜோத்பூர் அரசரின் ஆட்கள் அரண்மனை வேலைக்காக வன்னி மரங்களை வெட்ட வந்தார்கள், அம்ருதா தேவி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார், அவரைத் தொடர்ந்து பிஷ்னோய் சமூகத்தினர் மொத்தம் 363 பேர் பலியானார்கள் என்பது வழங்கிவரும் வரலாறு. இதை அந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக் காத்து வந்திருக்கிறது. இப்படி வாய்வழியாக வந்ததைக் காகிதக் கணக்கைப் படிப்பது போலப் படிக்க முடியாது. நாற்காலி முறை இங்கே தடுமாறும், ஒரு தரப்பின் குரல்தான் முழுமையாகக் கேட்கிறது. முதல் தேர்வாக வேண்டாம் என்றது அதனால்தான். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் எடுங்கள், அப்போது 'இது நிஜமா' என்று மொட்டையாகக் கேட்காமல் 'இந்த 363ஐ இவர்கள் இத்தனை காலம் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள்' என்று கேட்கும் பக்குவம் குழுவுக்கு வந்திருக்கும்.

எட்டாவது படி: அப்புறம் என்ன ஆனது?

ஐந்தாவது அமர்வை இதற்கு ஒதுக்குங்கள். போராட்டம் நடந்த நாளோடு கதையை முடிப்பது கெட்ட பழக்கம். அதற்கப்புறம் முப்பது வருஷம் வரை போய்ப் பாருங்கள்.

ரியோ டின்டோவில் சுட்ட அதே மாதக் கடைசியில் திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்து ஆணை வந்தது. எல்லோரும் பெருமூச்சு விட்ட இடம் அது, ஒரு பக்கம் புரட்டினால் 1890இல் அந்த ஆணை ரத்து. எங்கள் அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. மாறாக, தொப்பி அலங்காரத்துக்காகப் பறவைகளைக் கொன்று இறகு விற்பதை எதிர்த்து இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் முதலான பெண்கள் 1889இல் சங்கம் தொடங்கினார்கள், இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் 1921இல் வந்தது. 32 வருஷம். ஆஷியோ விவசாயிகளுக்கு ஃபுருகாவாவோடு இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது 1974இல், தனாகா செத்து 61 வருஷம் கழித்து. முப்பது வருஷ வரம்பை அங்கே நாங்களே மீறினோம்.

குழுவில் வரும் தொல்லைகள்

ஒருவரே பேசுவார், எல்லாக் குழுவிலும் ஒருவர் உண்டு. சுற்றாகப் பேசுங்கள், ஆளுக்கு நாலு நிமிஷம், குறுக்கே பேசக் கூடாது, அப்புறம் பொது விவாதம். இன்னொரு தொல்லை, பத்தாவது நிமிஷத்தில் பேச்சு இன்றைய அரசியலுக்குத் தாவிவிடும். தடை போடாதீர்கள், கடைசிப் பதினைந்து நிமிஷத்தை அதற்கென்றே வைத்துவிடுங்கள், நடுவில் தாவினால் 'கடைசியில்' என்று ஒரு வார்த்தை போதும்.

படிக்காமல் வருபவரை அனுப்பிவிடாதீர்கள். அன்று குறிப்பெடுக்கும் வேலை அவருக்கு. அடுத்த தடவை படித்துவிட்டு வருவார், அந்த வேலை அவ்வளவு கஷ்டம்.

ஆறாவது அமர்வு

கடைசி அமர்வில் இரண்டே பக்கம் எழுதுங்கள், எல்லோரும் சேர்ந்து. என்ன நடந்தது என்று ஒரு பக்கம், எது ஒத்துப்போகவில்லை என்று ஒரு பக்கம். இரண்டாவது பக்கம் காலியாக இருந்தால் நாற்காலிகளில் யாரோ சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

அதோடு, முதல் நாளிலிருந்தே 'பதில் கிடைக்காதவை' என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த போராட்டத்தை அதிலிருந்து எடுங்கள், புதிதாகத் தேட வேண்டாம். ரியோ டின்டோ முடிந்தபோது எங்கள் பட்டியலில் ஒரு கேள்வி தனியாக நின்றது: செம்பு சரி, அந்தக் கந்தகத் தாது கப்பல் கப்பலாக எங்கே போனது? தேடினால் அதில் பெரும்பங்கு பிரிட்டனின் ரசாயன ஆலைகளுக்குக் கந்தக அமிலம் செய்யப் போயிருக்கிறது. அதே ரகத் தொழில், இங்கிலாந்தின் செயின்ட் ஹெலன்ஸ், விட்னஸ் பக்கம் வெளியே விட்ட அமிலப் புகை சுற்றியிருந்த நிலங்களைக் கருக்கியதால்தான் 1863இல் காரத் தொழிற்சாலைச் சட்டம் வந்திருந்தது. ஹைட்ரோகுளோரிக் அமில வாயுவில் 95 சதவீதத்தைப் பிடித்துவிட வேண்டும் என்பது விதி. அதை மேற்பார்க்க நியமிக்கப்பட்ட முதல் ஆய்வாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், 'அமில மழை' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். பிரிட்டனில் புகையைப் பிடிக்கச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு ஆன பிறகுதான் ரியோ டின்டோவில் புகையை எதிர்த்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். எங்கள் அடுத்த ஆறு அமர்வுகள் விட்னஸில் தொடங்குகின்றன, கம்பெனி நாற்காலிக்கு இந்தத் தடவை சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கவில்லை, மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.